தன் காப்புரிமையை எதிர்த்தவள்

விஜிலா எழுதியது நான்கே வரிகள். சங்கு எடுக்கப் போகிறவர்கள் வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரை நம்பித்தான் கடலுக்கு அடியில் மூச்சு விடுகிறார்கள். எஞ்சின் புகை அந்தக் காற்றில் கலந்துவிட்டால் கீழே இருப்பவன் தனக்கே தெரியாமல் மயங்கிப்போவான். அதற்கு முன்னால் மேலே இருக்கிறவர்களை ஒரு கருவி எச்சரிக்க வேண்டும். இதைக் கணினியில் தட்டிவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்திருந்த டீயைக் கையில் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் செயற்கை நுண்ணறிவு அந்த நான்கு வரியை ஒரு முழுக் காப்புரிமை விண்ணப்பமாக விரித்துக் கொடுத்துவிட்டது. உரிமைக் கோரல்கள், படங்களின் விளக்கம், முந்தைய கருவிகளின் குறைகள் என்று எதுவும் பாக்கியில்லை. கடைசியில் சோதனை முடிவுகள்கூட இருந்தன. மன்னார் வளைகுடாவில் நாற்பது பேரைக் கடலில் இறக்கிச் சோதித்ததாகவும், கருவி ஒருமுறைகூடத் தவறவில்லை என்றும் அட்டவணை போட்டு எழுதியிருந்தது.

அப்படி ஒரு கருவியே அப்போது கிடையாது.

விஜிலா தூத்துக்குடிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் உதவிப் பேராசிரியை. தகப்பனார் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவன் ஜோன்ஸ் துபாயில் இழுவைக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்தான். தம்பி ஜெனோ, அக்காவைப் போலவே என்ஜினியரிங் சேர்ந்து, இரண்டு செமஸ்டர் முடிவதற்குள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போய்விட்டான். அவன் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்லும் கடல் கதைகளிலிருந்துதான் விஜிலாவுக்கு அந்த நான்கு வரியும் கிடைத்தது.

ஆனால் அவளை எழுத வைத்தது தம்பி இல்லை. ஆராய்ச்சிப் பிரிவின் டீன் நேசக்குமார்.

செமஸ்டர் தொடக்கத்தில் அவர் எல்லா ஆசிரியர்களையும் கூட்டித் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு கோடு மெல்ல மெல்லப் போய், கடைசியில் செங்குத்தாக ஏறியது.

"நம்ம நாட்ல வருஷத்துக்கு எத்தன பேட்டன்ட் போடுதாங்கன்னு பாருங்க. ஏ.ஐ. வந்த பிறகு எப்படி ஏறுது பாத்தீங்களா? சீனாக்காரன் இப்படித்தான் ஏறினான். முதல்ல எண்ணிக்கை. தரம் அதுக்குப் பின்னாலயே வந்துரும். நாடே ஏறும்போது நம்ம காலேஜ் மட்டும் கீழ கெடக்கணுமா? ஆளுக்கு மூணு. செமஸ்டர் முடியதுக்குள்ள."

நேசக்குமாரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. இளமையில் உப்பு காயவைக்கும் முறை ஒன்றை யோசித்து, அதை எழுதித் தர வக்கீல் கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வழியில்லாமல் விட்டவர். பணக்காரக் கம்பெனிகளுக்கு மட்டுமே வாய்த்திருந்த ஒன்றை இந்தச் செயற்கை நுண்ணறிவு ஏழைக் கல்லூரியின் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டதாக அவர் மனதார நம்பினார்.

விஜிலா சோதனை அட்டவணையைச் சிவப்பில் குறித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"சார், இது நடக்கவே இல்ல. நான் கேக்கவும் இல்ல. அதுவா போட்டிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடத்திக்கிடுவோம் மேடம். விண்ணப்பம் போட்டுட்டா நடத்தக் கூடாதுன்னு சட்டமா? அத எடுத்துட்டா கோரிக்கைக்கு வலு இல்லாம போயிரும். முதல்ல அப்ளிகேஷன் நம்பர் வரட்டும்."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே இன்னும் மூன்று பேர் கோப்புடன் காத்திருந்தார்கள். கண்டுபிடிப்பாளர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

சீக்கிரமே வெளியிடச் சொல்லித் தனிக் கட்டணம் கட்டியிருந்ததால் விண்ணப்பம் விரைவில் அரசு இதழில் வந்துவிட்டது. வெளியானது விண்ணப்பம் மட்டும்தான். உரிமை கிடைக்க இன்னும் ஆய்வு, விசாரணை எல்லாம் பாக்கி. உள்ளூர்ச் செய்தியில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. "சங்கு குளிப்போரின் உயிர் காக்கும் கருவி: தூத்துக்குடிப் பேராசிரியைக்குக் காப்புரிமை" என்று விஜிலாவின் படத்தோடு போட்டிருந்தார்கள். கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஆட்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். ஜோன்ஸ் துபாயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவளைக் காட்டினான். அந்தச் சில வாரங்கள் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

கல்லூரியில் நடந்த கண்காட்சிக்காகக் கடைசி வருட மாணவர்கள் ஒரு மாதிரிப் பெட்டி செய்தார்கள். காற்று ஓடினால் பச்சை விளக்கு எரியும். சிவப்பு விளக்கை எரியவைக்கப் பெட்டியின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது. விளக்கிச் சொல்கிறவர் அதை யாருக்கும் தெரியாமல் அமுக்க வேண்டும். விஷப்புகையை உணரும் பாகம் எதுவும் உள்ளே இல்லை.

கண்காட்சிக்கு வந்த வள்ளக்காரர்களில் செல்வதுரையும் ஒருவர். ஜெனோ அவருடைய வள்ளத்தில்தான் சங்கு குளித்தான். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சிவப்பு எரிந்தபோது குழந்தையைப் போலச் சிரித்தார்.

*

தர மதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வருகிற நாள் காலையில் விஜிலா பட்டுச் சேலை கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மாதிரிப் பெட்டியை எடுக்கப் போனாள். பெட்டி இருந்த மேசை காலியாக இருந்தது. காப்புரிமைப் பிரிவில் உதவியாளராக இருந்த ரீனா தோரணத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்கம்மா?"

"டீன் சார் திரேஸ்புரத்துக்குக் கொடுத்து விட்டாங்க மேடம். மீனவர்கள் பயன்படுத்துதாங்கன்னு ஒரு போட்டோ வேணுமாம், குழுவுக்குக் காட்ட. வள்ளத்துல மாட்டி எடுத்துட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. போட்டோ இப்பத்தான் வந்துச்சு."

ரீனா தன் போனை நீட்டினாள். கம்ப்ரசரின் மேல் நைலான் கயிற்றால் கட்டிய பெட்டி. பச்சை விளக்கு. பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு செல்வதுரை. பின்னால் முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி ஜெனோ.

விஜிலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜெனோவுக்குப் பின்னால் கரை இல்லை. கட்டிக்கிடக்கிற வள்ளங்கள் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

ஜெனோவைக் கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. செல்வதுரையும் அப்படித்தான். அவள் படி இறங்கும்போது நேசக்குமார் எதிரே வந்தார்.

"எங்க போறீங்க? பதினோரு மணிக்கு வந்துருவாங்க. உங்க பேட்டன்ட்தான் முதல் ஸ்லைடு."

"சார், பெட்டியோட கடலுக்குப் போயிருக்காங்க. அத நம்பிக் கீழ எறங்கிட்டா?"

"நான் போட்டோ எடுக்கத்தானே கொடுத்தேன்! அவங்க எத்தன வருஷமா குளிக்கிறவங்க. பொம்மைப் பெட்டிய நம்பியா எறங்குவாங்க?"

"பொம்மைன்னு நாம யாருகிட்ட சார் சொன்னோம்?"

அவள் பதிலுக்கு நிற்காமல் கீழே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

திரேஸ்புரம் கரையில் அஸ்லம் வள்ளத்தைப் பாதி தண்ணீரில் நிறுத்தி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் சங்கு வள்ளம் வைத்திருப்பவர். ஜெனோ இரண்டு வருடம் அவரிடம் சங்கு குளித்திருக்கிறான். விஜிலா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டு அவர் முகம் மாறியது.

"டீச்சர், இன்னைக்கி செல்வதுரை காத்துப் பாக்குற ஆள ஏத்தாமப் போயிட்டாரு. அவன் இங்கனதான் நிக்கான். 'பெட்டிதான் பாத்துக்கிடுதே, நீ எதுக்கு'ன்னு சொன்னாராம்."

காற்றுப் பார்க்கிறவன் என்பது அந்தத் தொழிலில் ஒரு தனி ஆள். கம்ப்ரசருக்குக் காற்று இழுக்கும் குழாய், எஞ்சின் புகை போகிற பக்கம் திரும்பிவிடாமல் நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவன் வேலை. கரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று எழும்பும் நேரத்தில் புகை சட்டென்று திசை மாறும். அப்போது அவன் கண்ணசந்தால் போச்சு.

அஸ்லம் வாக்கிடாக்கியை எடுத்துச் செல்வதுரையைக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வள்ளத்தைத் தள்ளத் தொடங்கினார். விஜிலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீங்க எதுக்கு? நான் போறேன்லா."

"பாய், என் தம்பி அங்க கெடக்கான்."

அவர் கைகொடுத்து ஏற்றினார்.

செல்வதுரை வழக்கமாக ஆள் இறக்கும் இடத்தை நோக்கி, வான் தீவைத் தாண்டிக் கிழக்கே போனார்கள். முதலில் முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பிறகு முகத்தில் ஈரமாக ஒரு காற்று வந்து அடித்தது. அஸ்லம் எஞ்சினை இன்னும் முடுக்கினார். விஜிலா அடையாள அட்டையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்ததை அவளே பிறகுதான் கவனித்தாள்.

செல்வதுரையின் வள்ளம் தெரிந்தது. அவர் முன்பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்ரசருக்கு முதுகு காட்டியபடி, வந்த சங்குகளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் இவர்கள் வருவதுகூட அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சின் புகை தாழ்ந்து, சாய்ந்து, காற்று இழுக்கும் குழாயின் வாய்க்கே நேராகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

வள்ளங்கள் இடித்துக்கொண்டதும் விஜிலா தாவி ஏறி எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க டீச்சர்! இருக்க காத்தும் போயிரும்!" அஸ்லம் அவளைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, குழாயைப் பிடுங்கிக் காற்று வரும் பக்கம் உயர்த்திப் பிடித்தார். "அண்ணாச்சி, கயித்த இழுங்க! ரெண்டு பேரையும் மேல ஏத்துங்க!"

செல்வதுரை கத்தியைக் கீழே போட்டார். "ஏன், என்னாச்சு? பச்சைதான எரியுது?"

"கயித்த இழுங்கங்குறேன்!"

இரண்டு பேரின் இடுப்பிலும் கட்டியிருந்த கயிறுகளில் முதலாவது இரண்டு முறை பதிலுக்கு இழுபட்டது. கொஞ்ச நேரத்தில் ஜெனோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தவன் வாந்தி எடுத்தான். கண்கள் சிவந்து, எதையும் பார்க்காமல் பார்த்தன.

"தல பொளக்கு... அக்கா, நீ எப்படி இங்கன?"

"கூட எறங்கின இனிகோ எங்கல?" என்றார் அஸ்லம்.

இரண்டாவது கயிறு பதில் சொல்லவில்லை. செல்வதுரை இழுத்துப் பார்த்தார். அடியில் எங்கோ பாறைப் பாரில் சிக்கியிருந்தது. ஜெனோ தலையைத் திருப்பி அந்தக் கயிற்றைப் பார்த்தான். பிறகு காற்று வரும் டியூபை மறுபடியும் வாயில் கடித்தான்.

"ஏலே, வேண்டாம்ல! ஜெனோ!"

விஜிலா அவன் கையைப் பிடிக்கப் போனாள். விரல் வழுக்கியது. அவன் போய்விட்டான்.

அந்தக் காத்திருப்பை விஜிலா பிற்பாடு யாரிடமும் விவரிக்க முயன்றதில்லை. அஸ்லம் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். செல்வதுரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தண்ணீரையே பார்த்தாள். குமிழி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

ஜெனோ இனிகோவின் கச்சையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். மூன்று பேருமாக இனிகோவை உள்ளே புரட்டினார்கள். உடம்பு ஈரச்சாக்கு மாதிரி விழுந்தது. அஸ்லம் குழாயைச் செல்வதுரையின் கையில் திணித்துவிட்டு, மண்டியிட்டு, இனிகோவின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்கினார். வாயில் ஊதினார். மறுபடி அமுக்கினார். எத்தனை தடவை என்று யாருக்குத் தெரியும்! ஒரு கட்டத்தில் இனிகோவின் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. அஸ்லம் அல்லாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே பின்னால் சாய்ந்தார்.

கரைக்குத் திரும்பும்போது செல்வதுரை பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது ஏன் செவப்பு ஆகல? கெட்டுப்போச்சா?"

"அதுக்குள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லன்னா?"

"புகையக் கண்டுபிடிக்கிற சாமான் எதுவும் அதுக்குள்ள வைக்கவே இல்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

*

இனிகோ பிழைத்தான். பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மூன்றாம் நாள் கண்விழித்தான். ஆனால் வலது கை நடுங்கியது. சொல்ல வந்த வார்த்தை பாதியில் மறந்தது. நாளாகத் தேறும் என்றார் டாக்டர். எந்த அளவுக்கு என்று அவர் சொல்லவில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே நேசக்குமார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். குழு திருப்தியாகப் போயிருந்தது. அவர் முகத்தில் அந்தத் திருப்தி இல்லை. ஒரே நாளில் வயதானவராகத் தெரிந்தார். வராந்தாவின் ஓரத்துக்கு விஜிலாவை அழைத்துப்போய் ஒரு தாளை நீட்டினார். மாதிரிப் பெட்டி கல்லூரியின் அனுமதியில்லாமல் எடுத்துச்செல்லப்பட்டது என்று தட்டச்சு செய்திருந்தது.

"ஒரு கையெழுத்து மேடம். உங்களுக்கும் இதுதான் நல்லது. கண்டுபிடிப்பாளர்னு உங்க பேருதான் இருக்கு. வைத்தியச் செலவ காலேஜ் பாத்துக்கும், நான் பேசிட்டேன்."

"நீங்கதான சார் கொடுத்து விட்டீங்க."

"போட்டோவுக்கு! நான் என்ன, ஒரு மனுசன் சாகணும்னா கொடுத்தேன்?"

"நானும் அப்படி நினைச்சுக் கையெழுத்துப் போடல. ஆனா போட்டேன். இன்னொண்ணு போட மாட்டேன்."

தம்பி தன் பக்கம் நிற்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஜெனோ சுவரில் சாய்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீ போலீசு, பேப்பருன்னு போனேன்னா கம்ப்ரசரையே நிப்பாட்டிருவாவ. ஏற்கனவே கண்டுங்காணாம விட்டு வச்சிருக்காவ. எத்தன குடும்பம் இதுல ஓடுது தெரியும்லா? நாங்க எங்க போவோம்?"

"அப்ப அந்தப் பேட்டன்ட் அப்படியே கெடக்கட்டுமா? நாளைக்கு ஒருத்தன் அதக் காசு கொடுத்து வாங்கி, பெட்டி செஞ்சு, ராமேஸ்வரத்துல விப்பான். நாப்பது பேரு சோதிச்சதுன்னு எழுதிருக்கே!"

ஆனால் அதைத் தடுக்க அவளிடம் அப்போது வழி இல்லை.

வழியைச் சட்டப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. விண்ணப்பம் கல்லூரியின் பெயரில் இருந்ததால் அதைத் திரும்பப் பெற அவளுக்கு உரிமையில்லை. ஆனால் காப்புரிமை வழங்கப்படும் முன் அதை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். 'யார் வேண்டுமானாலும்' என்பதில் கண்டுபிடிப்பாளரும் உண்டா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. போலீசும் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம். எங்கே பொய் பதிவானதோ அங்கேயே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். மனுவைத் தன் கையாலேயே எழுதினாள்.

மனு போன விஷயம் கல்லூரிக்கு எட்டியதும் அவளுடைய பாடங்கள் வேறொருவருக்குப் போயின. அடுத்த கல்வியாண்டுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கல்லூரியின் தர வரிசை அந்த வருடம் ஏறியது. வாசலில் பேனர் வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவளைக் கலங்கடித்தது இனிகோவின் மனைவி பிளாரன்ஸ் வந்ததுதான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிளாரன்ஸ் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏளா விஜிலா, காலேஜ்ல இருந்து ஆள் வந்துச்சு. நீ போட்ட மனுவ வாபஸ் வாங்கினாத்தான் மருந்துக்குத் தருவாங்களாம்."

விஜிலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு மனசாட்சி உறுத்துது, எழுதிட்ட. எனக்கு அவரு சட்டைப் பொத்தானப் போட்டு விடணும், சோத்தப் பெசஞ்சு கொடுக்கணும். நீ கையெழுத்துப் போட்டப்பயும் என்னையக் கேக்கல. எதுத்தப்பயும் கேக்கல."

"வாங்கிரட்டுமா? நீ சொல்லு, பிளாரன்ஸ். வாங்கிருதேன்."

தெருவில் மீன்காரியின் குரல் வந்து போனது.

"எங்கிட்ட ஏளா கேக்க? அதையும் நான் சொமக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் பிளாரன்ஸ் திரும்பிப் போய்விட்டாள்.

விஜிலா அன்று சமைக்கவில்லை. குசினியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே இருந்தாள். மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஜோன்ஸைக் கூப்பிட்டு, இனிகோவின் மருந்தை நாம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. "செய்வோம்" என்றான். மனு அப்படியே இருந்தது.

*

விசாரணை காணொளியில் நடந்தது. திரையின் ஒரு கட்டத்தில் காப்புரிமை அதிகாரி; இன்னொன்றில் கல்லூரியின் வக்கீல், பக்கத்தில் நேசக்குமார்; மூன்றாவதில், தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் விஜிலா.

அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கண்டுபிடிப்பாளர் பெயரும் விஜிலா. எதிர்ப்பவர் பெயரும் விஜிலா. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆமா சார். நான்தான்."

"உங்க கண்டுபிடிப்புக்கு உரிமை கொடுக்க வேண்டாம்னு நீங்களே சொல்றீங்க?"

"கண்டுபிடிப்புன்னு ஒண்ணு அதுல இல்ல சார். ஆசை மட்டும்தான் இருக்கு."

கல்லூரி வக்கீல் குறுக்கிட்டார். எழுத்து வேலைக்குச் செயற்கை நுண்ணறிவின் உதவியைப் பெறுவது இன்று எல்லா இடத்திலும் நடப்பதுதான், அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது என்றார்.

"உதவி வாங்கினது தப்புன்னு நான் சொல்லல சார்," என்றாள் விஜிலா. "விண்ணப்பம்னா எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியும், எழுதிக் காட்டிச்சு. சோதனைன்னா இப்படித்தான் இருக்கும்னு ஒரு அட்டவணையும் போட்டுச்சு. அதுக்குக் கடலும் தெரியாது, இனிகோவையும் தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியும். தெரிஞ்சும் கீழ பேரப் போட்டது நான்."

அதிகாரி கல்லூரித் தரப்பைப் பார்த்தார். "அந்த நாற்பது பேருடைய விவரம், எந்தத் தேதி, எந்தப் படகு, மூலப் பதிவுகள் இருந்தால் தாக்கல் செய்யுங்கள்."

வக்கீல் அவகாசம் கேட்டார். நேசக்குமார் தலையைக் குனிந்தே இருந்தார். அவகாசம் முடிகிற சமயத்தில் கல்லூரி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. விஜிலா சொன்னது சரியா தவறா என்று யாரும் தீர்ப்பு எழுதவும் இல்லை.

இப்போது அவள் விளாத்திகுளத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. சனிக்கிழமைகளில் திரேஸ்புரம் போகிறாள். அஸ்லமின் வள்ளத்தில் உண்மையான உணரியை வைத்து அவள் செய்த முதல் பெட்டி ஒரே வாரத்தில் செத்துப்போனது. இரண்டாவதும் அப்படித்தான். கம்ப்ரசர் காற்றோடு வரும் உப்பு ஈரம் உணரியைக் கொன்றுவிடுகிறது என்று கண்டுபிடிக்கவே பல மாதங்கள் ஆயின. ஈரத்தை வழியிலேயே பிடித்து வைக்கும் ஒரு சின்னக் குழாய் அமைப்பை அதற்குப் பிறகு யோசித்தாள். செயற்கை நுண்ணறிவை அவள் விட்டுவிடவில்லை. உலகத்தில் யார் யார் இதுபோலச் செய்திருக்கிறார்கள் என்று அதைத்தான் தேடித் தரச் சொன்னாள். ஒரு கொரியாக்காரர், இரண்டு ஜப்பான் கம்பெனிகள் என்று அது கொண்டுவந்து வைத்தது. பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே, மிக நெருக்கமானது என்று அது காட்டியது அவளுடைய பழைய விண்ணப்பத்தை.

விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டாலும், ஒருமுறை வெளியான பக்கங்கள் வெளியானவைதான். அவற்றை எவராலும் அழிக்க முடியாது. குழாய் அமைப்புக்கு அவள் சொந்தப் பெயரில் விண்ணப்பம் போட்டபோது, முதல் ஆட்சேபமாக அதிகாரிகள் அந்தப் பழைய பக்கங்களையே மேற்கோள் காட்டினார்கள். இதெல்லாம் ஏற்கனவே செய்து சோதித்தாகிவிட்டதே, உங்களுடையதில் புதிது என்ன என்று கேட்டார்கள். நடக்காத சோதனை, நடக்கிற சோதனையின் குறுக்கே வந்து நின்றது. விஜிலா பதில் எழுதியிருக்கிறாள். இந்த முறை இணைப்பில் தேதி உண்டு, வள்ளத்தின் எண் உண்டு, கடலில் இறங்கியவர்களின் கையெழுத்து உண்டு. தோற்றுப்போன பெட்டிகளின் கணக்கும் உண்டு.

இனிகோ இப்போது சங்கு குளிப்பதில்லை. அஸ்லமின் வள்ளத்தில் காற்றுப் பார்க்கிறான். பெட்டி இருக்கிற நாளிலும் அந்த ஆள் இல்லாமல் வள்ளம் கிளம்பக் கூடாது என்பது ஜெனோ போட்ட நிபந்தனை. விஜிலா அதை உடனே ஒத்துக்கொண்டாள். மருந்துக்கு ஜோன்ஸ் அனுப்புவதைப் பிளாரன்ஸ் வாங்கிக்கொள்கிறாள். கோயிலில் எதிரே பார்த்தால் தலையை அசைப்பாள். பேச்சு இன்னும் இல்லை.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. போன சனிக்கிழமை பெட்டி இரண்டு முறை கத்தியது. முதல் முறை புகை. இனிகோ அதற்கு முன்பே குழாயைத் திருப்பத் தொடங்கியிருந்தான். இரண்டாவது முறை காற்றும் சரியாக இருந்தது, குழாயும் சரியாக இருந்தது. எதற்குக் கத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, விஜிலா வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அதையும் அப்படியே எழுதிவைத்தாள்.